இயற்பியல் ஒப்புருவாக்கத்தில் வடிவக்கூறுகளை இணைத்தல்

இயற்பியல் ஒப்புருவாக்கத்தில் வடிவக்கூறுகளை இணைத்தல் என்பது பெட்டி, உருளை, கோளம், கூம்பு முதலான எளிய திண்ம வடிவங்களைச் சேர்த்தும், கழித்தும், ஒன்றினுள் ஒன்றை அமைத்தும் ஒரு மெய்ப்பொருளின் கணினி மாதிரியை உருவாக்கும் முறையாகும். சிமுலேசன் எனப் பரவலாக அழைக்கப்படும் கணினி ஒப்புருவாக்கத்தில் வெப்பம், விசை, நீரோட்டம், கதிர்வீச்சு ஆகியவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு முன்னர், எந்த இடத்தில் எந்தப் பொருள் உள்ளது என்பதைக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். அத்தெரிவிப்பே வடிவவியல் மாதிரி எனப்படும்.

வரைபட மென்பொருளில் இரண்டு வடிவங்கள் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் படம் சரியாகவே தோன்றும். இயற்பியல் ஒப்புருவாக்கத்தில் அவ்வாறன்று. வெளியின் ஒரு புள்ளியில் ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். இரண்டு கூறுகள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பது அவற்றின் நிறையையும், அவற்றினூடே வெப்பமோ விசையோ செல்லும் வழியையும் தீர்மானிக்கின்றது. ஆகவே இணைப்பு முறையைத் தெரிவு செய்வதே ஓர் இயற்பியல் முடிவாகும். இக்கட்டுரையில் இதற்கான எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எடுத்தாளப்பட்டுள்ளன.

அடிப்படைச் செயல்கள்

வடிவங்களைக் கணங்களாகக் கருதினால், அவற்றின்மீது மூன்று செயல்களைச் செய்யலாம். இவை ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் (1815–1864) பெயரால் பூலியன் செயல்கள் எனப்படுகின்றன.

ஒன்றிப்பு என்பது இரு வடிவங்களுள் ஏதேனும் ஒன்றிலாவது அடங்கும் புள்ளிகள் அனைத்தையும் ஒரே வடிவமாக்குவது. வெட்டு என்பது இரண்டிற்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது. கழித்தல் என்பது முதல் வடிவத்திலிருந்து இரண்டாம் வடிவம் அடைத்துக்கொள்ளும் பகுதியை நீக்குவது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் காணப்படும் கல்லுரலை, ஒரு நெட்டுருளையிலிருந்து மேற்புறத்தில் ஓர் அரைக்கோளத்தைக் கழித்துப் பெறலாம். ஒன்றிப்பிலும் வெட்டிலும் வரிசை மாறினால் வடிவம் மாறாது. கழித்தலில் மாறும். அரைக்கோளத்திலிருந்து உருளையைக் கழித்தால் உரல் கிடைக்காது. பெரும்பாலும் ஒன்றுமே மிஞ்சாது.

இம்முறைக்குக் கட்டமைப்புத் திண்ம வடிவவியல் என்று பெயர். இதில் இறுதி வடிவத்தின் மேற்பரப்பு நேரடியாகச் சேமிக்கப்படுவதில்லை. எவ்வடிவத்திலிருந்து எது கழிக்கப்பட்டது, எதனோடு எது சேர்க்கப்பட்டது என்ற கிளைவரிசை மட்டுமே சேமிக்கப்படுகின்றது. ஒரு புள்ளி பொருளின் உள்ளே உள்ளதா வெளியே உள்ளதா என அறிய, ஒவ்வோர் அடிப்படை வடிவத்திலும் அதே வினாவை எழுப்பி, விடைகளை "மற்றும்", "அல்லது", "அன்று" என்ற தருக்கச் சொற்களால் கோத்தால் போதும். மாற்று முறையில் பொருளின் முகங்களும் விளிம்புகளும் முனைகளும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. இது எல்லைவழி வடிவமைப்பு எனப்படும். பொறியியல் வரைவு மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாவதையும், கதிர்வீச்சுத் துகள்களைப் பின்தொடரும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதலாவதையும் கையாளுகின்றன.

வரலாறு

இம்முறை படம் வரைவதற்காகத் தோன்றியதன்று. 1966 இல் பிலிப் மிட்டெல்மன் என்பவரால் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மாகி என்ற நிறுவனம், அணுக்கதிர்வீச்சு ஒரு பொருளினூடே எவ்வளவு தூரம் ஊடுருவும் எனக் கணிக்க, எளிய திண்மங்களைச் சேர்த்தும் கழித்தும் பொருளை விவரிக்கும் நிரலை உருவாக்கியது. கதிர்வீச்சின் பாதையைத் தொடரும் அதே நிரலால் ஒளியின் பாதையையும் தொடரலாம் என்பதைப் பின்னர் அந்நிறுவனத்தார் உணர்ந்தனர். அதன் வழியாக வந்த படங்களே 1982 இல் வெளியான டிரான் என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் இடம்பெற்றன. திரைப்படக் கணினி வரைகலையின் ஒரு வேர் அணுக்கதிர்த் தடுப்புக் கணக்கில் உள்ளது என்பது பலரும் அறியாத செய்தி.

1970களில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டைட்ஸ் ரெக்கிச்சா, எர்பர்ட் வோல்க்கர் ஆகியோர் இதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். ஒரு முகத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரு பெட்டிகளின் வெட்டு, கணக் கோட்பாட்டின்படி, தடிப்பு இல்லாத ஒரு தகடாகும். அவ்வாறான பொருள் உலகில் இல்லை. எனவே பருமன் அற்ற எச்சங்களை நீக்கும் வகையில் செயல்களை அவர்கள் ஒழுங்குபடுத்தினர்.

துகள் இயற்பியலில் பெரிதும் பயன்படும் ஜியான்ட் நிரலின் முதல் வடிவம் 1974 இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் எழுதப்பட்டது. முற்றிலும் புதிதாக சி++ மொழியில் எழுதப்பட்ட ஜியான்ட்4 1998 டிசம்பரில் வெளியிடப்பட்டது. இது கட்டணமின்றிக் கிடைப்பதால் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவரும் தம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

இணைக்கும் மூன்று வழிகள்

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்கள் வேறுபட்டாலும், கூறுகளை இணைக்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது ஒன்றாக்கல். இரண்டு கூறுகளும் தம் தனித்தன்மையை இழந்து ஒரே உடலாகின்றன. அவற்றுக்கு இடையே இருந்த எல்லை மறைந்துவிடுகின்றது. அவ்வுடலுக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும்.

இரண்டாவது உள்ளடக்கல். தாய்க்கூறு ஒன்றினுள் சேய்க்கூறு ஒன்று வைக்கப்படுகின்றது. சேய் இருக்கும் இடத்தில் தாயின் பொருள் தானாகவே விலகியதாகக் கொள்ளப்படும். ஜியான்ட்4 இன் மாதிரிகள் அனைத்தும் இவ்வாறே, "உலகம்" எனப்படும் ஒரு பெரும்பெட்டியினுள் அடுக்கடுக்காக அமைகின்றன. சேய் தாயின் எல்லையை மீறக்கூடாது. ஒரே தாயின் இரு சேய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. இவ்விரண்டும் கண்டிப்பான விதிகள்.

மூன்றாவது தொகுத்தல். கூறுகள் தனித்தனியாகவே நிற்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள உறவு, அதாவது தொடுகை, உராய்வு, கீல், வெப்பக் கடத்தல் போன்றவை, தனியே எழுதித் தரப்படுகின்றது. எழுதித் தராவிட்டால், கண்ணுக்கு ஒட்டியிருப்பது போல் தோன்றும் இரண்டு கூறுகளுக்கு இடையே எதுவும் பாயாது.

காம்சால் மென்பொருளில் வடிவவியலை முடிக்கும்போது ஒன்றிப்பா, தொகுப்பா என்று தெரிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். அங்கே ஒன்றிப்பு என்பது முதல் வழியை அப்படியே ஒத்ததன்று. உள் எல்லைகள் வைத்துக்கொள்ளப்பட்டு, இருபுறமும் வெவ்வேறு பொருள்கள் அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் எல்லையில் வெப்பநிலையும் இடப்பெயர்ச்சியும் தொடர்ச்சியாக இருக்கும். ஜிமெஷ் என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்குத் துண்டாக்கல் என்னும் பொருள்படும் கட்டளை உள்ளது. மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. ஒரே சொல் இரு மென்பொருள்களில் இரு பொருளில் வழங்குகின்றது என்பதை நினைவிற் கொள்ளல் நலம்.

மணவாளக்குறிச்சி மணலும் குழிவான கலமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் மணவாளக்குறிச்சிப் பகுதி மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் ஆகியவற்றுடன் மோனசைட் என்னும் கனிமமும் கலந்துள்ளது. அக்காலத் திருவிதாங்கூரைச் சேர்ந்த இப்பகுதியின் மோனசைட்டை 1909 இல் சோம்பர்க் என்ற செருமானிய வேதியியலாளர் அடையாளம் கண்டார். இன்று இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இங்கு மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையை நடத்துகின்றது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இக்கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு பிற பகுதிகளைக் காட்டிலும் மிகுதி. மக்கள் அடர்ந்து வாழும் மீனவ ஊர்கள் இம்மணல் மீதே அமைந்துள்ளன. ஆகையால் மணலில் எவ்வளவு கதிரியக்கம் உள்ளது என்பதைச் சரியாக அளப்பது வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் மட்டுமன்று.

இவ்வளவீட்டில் மணல் ஒரு சிறப்புக் கலத்தில் நிரப்பப்படுகின்றது. மரினெல்லி கலம் எனப்படும் இது அடிப்புறம் உள்நோக்கிக் குழிந்த உருளையாகும். குழியினுள் காமாக் கதிர் உணரி நுழைந்து நிற்க, மணல் அதன் மேலும் சுற்றிலும் சூழ்ந்திருக்கும். தோரியத் தொடரின் தாலியம்-208 வெளியிடும் 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு காமாக் கதிர் மணலை எளிதில் கடக்கும். ஆனால் ஈயம்-212 வெளியிடும் 239 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக் கதிரில் ஒரு பகுதியை அடர்த்தியான மணலே விழுங்கிவிடும். எத்தனை விழுக்காடு உணரியை அடைகின்றது என்பது மணலின் அடர்த்தியையும் கலத்தின் வடிவத்தையும் பொறுத்தது. அவ்விழுக்காட்டைக் கணிக்கவே ஒப்புருவாக்கம் பயன்படுகின்றது.

எடுத்துக்காட்டாக 7 செ.மீ. ஆரமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மணலுருளையில், அடிப்புறத்திலிருந்து 4 செ.மீ. ஆரமும் 7 செ.மீ. ஆழமும் உள்ள குழி இருப்பதாகக் கொள்வோம். முழு உருளையின் பருமன் ஏறத்தாழ 1539 கன செ.மீ.; குழியின் பருமன் 352 கன செ.மீ.; உண்மையில் மணல் நிற்கும் பருமன் 1187 கன செ.மீ. குழியைக் கழிக்க மறந்தால் மணல் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிடும். அது மட்டுமன்று, கூடும் மணல் உணரி இருக்கும் இடத்திலேயே நிற்கும்.

ஜியான்ட்4 இல் உருளையின் நீளம் அரை நீளமாகவே தரப்படுகின்றது. முதல் உருளையின் அரை நீளம் 5 செ.மீ.; மையம் சுழியத்தில் இருப்பதால் அதன் அடி −5 இல் உள்ளது. குழி −5 இலிருந்து +2 வரை நீள வேண்டும். இங்கே கழிக்கும் உருளையைத் துல்லியமாக −5 இல் தொடங்கச் செய்தால் இரு வடிவங்களின் அடிமுகங்களும் ஒரே தளத்தில் பொருந்திவிடும். கணினி தசம எண்களை வரம்புள்ள துல்லியத்திலேயே வைத்திருப்பதால், அத்தளத்தில் உள்ள புள்ளி உள்ளே உள்ளதா வெளியே உள்ளதா என்பதற்கு உறுதியான விடை இராது. சில இடங்களில் தடிப்பில்லாத தோல் ஒன்று குழியின் வாயை மூடியிருப்பது போல நிரல் நடந்துகொள்ளும். இதைத் தவிர்க்கக் கழிக்கும் உருளையை வெளிப்புறமாகச் சற்று நீட்டுவது வழக்கம். −5.1 இலிருந்து +2 வரை எனக் கொண்டால் அதன் அரை நீளம் 3.55 செ.மீ., மையம் −1.55 ஆகும். நீட்டிய பகுதி வெற்றிடத்தில் இருப்பதால் விடையில் மாற்றம் ஏதும் ஏற்படாது.

கழித்துப் பெற்ற வடிவம் முதல் வடிவத்தின் ஆயத் தொகுதியையே தனதாகக் கொள்ளும் என்பதும் கவனிக்கத்தக்கது. புதிய வடிவத்தின் பொருண்மை மையம் மேலே நகர்ந்துவிட்டாலும், அதைக் கலத்தினுள் வைக்கும்போது பழைய உருளையின் மையமே கணக்கில் கொள்ளப்படும்.

இதே கலத்தைக் கழித்தலே இல்லாமலும் அமைக்கலாம். மணலுருளையைத் தாயாகவும், குழியைக் காற்று நிரம்பிய சேயாகவும், உணரியின் நுழைந்த பகுதியை அக்காற்றின் சேயாகவும் வைத்தால் அதே விளைவு கிட்டும். உணரி முழுவதும் குழியினுள் அடங்கும்போது இவ்வழியே சிறந்தது. துகள் எங்கே உள்ளது எனத் தேடும் வேலை நிரலுக்குக் குறைகின்றது. உணரியின் தண்டு குழிக்கு வெளியே நீண்டிருந்தால் சேய் தாயை மீறிவிடும். அப்போது கழித்தலே வழி.

மாத்தூர் தொட்டிப்பாலம்

மாத்தூர் தொட்டிப்பாலம் பட்டணங்கால் வாய்க்காலின் நீரைப் பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலாகக் கொண்டு செல்கின்றது. 1966 இல் கட்டப்பட்ட இப்பாலம் 28 தூண்கள் மீது நிற்கின்றது. மிக உயர்ந்த தூண்கள் 100 அடியைத் தாண்டுகின்றன. தொட்டி ஏறத்தாழ 7.5 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. அது முழுதும் நிறைந்தால் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 4.9 டன் நீர் நிற்கும். தூண்களுக்கு இடையே 12 மீட்டர் இடைவெளி எனக் கொண்டால், ஒவ்வொரு கண்ணும் தன் எடையோடு 58 டன் நீரையும் தாங்க வேண்டும்.

வடிவத்தளவில் இது எளிய மாதிரி. நீண்ட பெட்டியிலிருந்து சிறிய பெட்டியைக் கழித்தால் தொட்டி. உருளைகளோ பட்டகங்களோ தூண்கள். சிக்கல் அவற்றை இணைக்கும்போதுதான் எழுகின்றது.

தொட்டியையும் தூண்களையும் ஒன்றாக்கினால் காங்கிரீட் முழுவதும் ஒரே பாறை போல் நடந்துகொள்ளும். தூண் தலையில் தொட்டி சிறிதும் நகராது, திரும்பாது. தொகுத்தால் தொட்டி தூணின்மீது வெறுமனே அமர்ந்திருப்பதாகவும், தேவையான அளவு வழுக்குவதாகவும் எழுதலாம். இவ்வேறுபாட்டின் அளவைச் சிறு கணக்கால் அறியலாம். காங்கிரீட் ஒரு பாகை செல்சியசு வெப்பநிலை மாற்றத்திற்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு மாறுகின்றது. 360 மீட்டர் நீளமான தொட்டி 15 பாகை குளிர்ந்தால் 54 மில்லிமீட்டர் சுருங்க முயலும். இடையிடையே இடைவெளி விட்ட மாதிரியில் இச்சுருக்கம் பல கண்களுக்குப் பகிரப்பட்டு மறைந்துவிடும். இரு முனைகளும் மலையோடு ஒன்றாக்கப்பட்ட மாதிரியிலோ சுருக்கத்திற்கு இடமில்லை. மீள்மைக் குணகம் 25 கிகா பாசுக்கல் எனக் கொண்டால் 3.75 மெகா பாசுக்கல் இழுதகைவு எழும். வலுவூட்டாத காங்கிரீட் விரிசல் விடுவதற்கு அது போதுமானது. மெய்யான பாலத்தில் இல்லாத விரிசலை, இணைப்புக் கட்டளை ஒன்றே மாதிரியில் உண்டாக்கிவிடுகின்றது. இதற்கு எதிரான பிழை இன்னும் தீங்கானது. ஒன்றாக வார்க்கப்பட்ட இடத்தைத் தனித்தனியாக எழுதினால், உள்ள தகைவு கணக்கில் வராமலே போகும்.

நீரையும் மாதிரியில் சேர்க்க விரும்பினால் அதற்கெனத் தனிக்கூறு தேவை. முன்னர் கழித்த உட்பெட்டியே நீரின் வடிவமாகும். ஆயின் அதையும் தொட்டியோடு ஒன்றாக்கினால் நீர் காங்கிரீட்டாகிவிடும். வாய்க்கால் அடைபட்ட பாலம்தான் மிஞ்சும். உள் எல்லையைப் பேணும் துண்டாக்கல் முறையில், நீரின் அழுத்தம் தொட்டியின் சுவருக்குச் செல்லும் முகம் தெளிவாக அடையாளம் காணப்படுகின்றது. இருபுறத்து வலைக்கண்ணிகளும் அம்முகத்தில் ஒரே முனைகளைப் பகிர்ந்துகொள்வதால் அழுத்தம் இடையில் தொலைந்துபோவதில்லை.

கட்டுமரம்: கூட்டுடல்

அசைவுகளைக் கணிக்கும் ஒப்புருவாக்கங்களில் நான்காவதாக ஒரு நடைமுறையும் உண்டு. கணினி விளையாட்டுகளிலும் எந்திரனியலிலும் பயன்படும் நிரல்கள், வளைந்த நெளிந்த ஒரு பொருளைப் பல எளிய வடிவங்களின் கூட்டாகக் கருதுகின்றன. வடிவங்கள் ஒன்றாக்கப்படுவதில்லை, ஆனால் அவை ஒன்றுக்கொன்று அசையாமல் ஒரே உடலாகப் பிணைக்கப்படுகின்றன. குமரிக் கடற்கரையின் கட்டுமரம் இதற்குப் பெயரிலேயே எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. மரங்கள் கயிற்றால் கட்டப்பட்டு ஒரு கலமாகின்றன.

நான்கு ஒத்த உருளை மரங்கள் அருகருகே கட்டப்பட்டுள்ளன என எளிமைப்படுத்துவோம். ஒவ்வொன்றும் 150 கி.கி. நிறையும் 15 செ.மீ. ஆரமும் உடையது. கலத்தின் நீளவாக்கு அச்சைச் சுற்றி அது உருள்வதற்கு எதிரான நிலைமத் திருப்புத்திறனைக் காண வேண்டும். ஒவ்வொரு மரமும் தன் அச்சைச் சுற்றிக் கொண்டுள்ள திருப்புத்திறன்களை மட்டும் கூட்டினால் 6.75 கி.கி. மீ² கிடைக்கும். இது பிழை. மரங்களின் அச்சுகள் கலத்தின் நடுவிலிருந்து 15 செ.மீ., 45 செ.மீ. தொலைவுகளில் இருப்பதால் இணையச்சுத் தேற்றத்தின்படி நிறையையும் தொலைவின் இருபடியையும் பெருக்கிச் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தால் 67.5 கூடி, மொத்தம் 74.25 கி.கி. மீ² ஆகும். சரியான விடை பிழையான விடையைப் போல் 11 மடங்கு. உருளல் நேரம் திருப்புத்திறனின் இருபடி மூலத்தைப் பொறுத்ததாகையால், பிழையான மாதிரிக் கட்டுமரம் அலையில் மூன்று மடங்குக்கு மேல் விரைவாக ஆடும். நீரின் இழுப்பைக் கணக்கிற் கொண்டால் இவ்வேறுபாடு குறையுமேனும் மறைந்துவிடாது.

கயிற்றின் இளக்கத்தையும் காட்ட வேண்டுமானால் கூட்டுடல் போதாது. மரங்களைத் தனியுடல்களாக விட்டு, அவற்றுக்கு இடையே வில் போன்ற பிணைப்புகளை எழுத வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் நிறைந்துள்ளன. காற்றோட்ட ஒப்புருவாக்கத்தில் கழித்தலின் நோக்கமே தலைகீழாகின்றது. காற்று நிறைந்த பெரும்பெட்டியிலிருந்து கோபுரத்தையும் மலைச்சரிவையும் கழித்தபின் எஞ்சும் வெற்றிடமே கணக்கிடப்படும் பொருளாகும். சுழலும் இறக்கைகளைச் சுற்றித் தட்டையான உருளை வடிவில் ஒரு காற்றுப் பகுதி தனியே வெட்டப்படுகின்றது. அவ்வுருளை சுழல, வெளிக்காற்று நிற்கின்றது. எனவே இவ்விரண்டையும் ஒன்றாக்கவே முடியாது; வழுக்கும் எல்லையோடு தொகுக்கத்தான் வேண்டும்.

ஆயிரக்கணக்கான கூறுகள்

மேற்கண்டவை சில கூறுகளால் ஆனவை. துகள் இயற்பியல் கருவிகளில் கூறுகளின் எண்ணிக்கை பல்லாயிரம். தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே திட்டமிடப்பட்ட இந்திய நியூத்திரினோ ஆய்வகத்தின் காந்தமூட்டிய இரும்பு உணரி இதற்குத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு. உள்ளூர் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அதன் சுரங்கப் பணி தொடங்கவில்லை எனினும், அதன் செயற்பாடு ஜியான்ட்4 மூலம் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. திட்டப்படி அது மூன்று தொகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 16 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உடையது, 5.6 செ.மீ. தடிப்புள்ள இரும்பு 151 அடுக்குகளாகவும், அவற்றிடையே 4 செ.மீ. இடைவெளிகள் 150 ஆகவும் அமைகின்றன. அவ்விடைவெளிகளில் ஏறத்தாழ 2 மீட்டர் சதுரமான மின்தடைத் தகட்டு உணரிகள் மொத்தம் 28,800 வைக்கப்பட வேண்டும்.

28,800 கூறுகளை ஒன்றிப்புச் செயலால் சேர்ப்பது பேதைமை. ஒன்றிப்புகள் சங்கிலியாக நீளும்போது, துகளின் ஒவ்வோர் அடிக்கும் சங்கிலி முழுவதையும் நிரல் வினவ வேண்டியிருக்கும். மேலும் எந்த உணரியில் துகள் பட்டது என்ற செய்தியே மறைந்துபோகும். ஆகவே ஓர் உணரி ஒரே முறை வரையப்பட்டு, வெவ்வேறு எண்களுடன் தாய்க்கூறுகளினுள் திரும்பத் திரும்ப வைக்கப்படுகின்றது. மியூவான் ஒன்று கடந்து சென்ற பாதை அவ்வெண்களின் வரிசையாகக் கிடைக்கும். இரும்புத் தகடுகளில் செப்புக் கம்பிச்சுருள் நுழையும் நீள்துளைகள் போன்ற சில இடங்களில் மட்டுமே கழித்தல் தேவைப்படுகின்றது.

இதன் சிறு மாதிரி மதுரையில் 2018 முதல் இயங்கியது. அதில் 4 மீட்டர் சதுரமான 11 இரும்பு அடுக்குகளும் இடையில் 10 உணரி அடுக்குகளும் உள்ளன. இரும்பின் எடை 85 டன்.

பிழைகளும் சரிபார்த்தலும்

கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதே மிகுதியாக நேரும் பிழை. ஏறிய பகுதியில் துகள் எப்பொருளில் உள்ளது என்பது அது எப்பக்கமிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வாராது, விடை மட்டும் தவறாகும். எம்.சி.என்.பி. நிரலில் மேற்பரப்புகளைப் பூலியன் குறிகளால் கோத்து அறைகள் அமைக்கப்படுகின்றன. அங்கே எந்த அறையிலும் சேராத புள்ளியை அடையும் துகள் தொலைந்ததாக அறிவிக்கப்படும். இயல்பான அமைப்பில் பத்துத் துகள்கள் தொலைந்தால் கணக்கீடு நிறுத்தப்படும். இடையில் வெற்றுச் சந்து விட்ட பிழை இவ்வாறு தானே வெளிப்படும். ஏறிக்கிடக்கும் பிழை அவ்வளவு எளிதில் வெளிப்படாது.

ஜியான்ட்4 இல் ஏற்றத்தைத் தேடும் வசதி உள்ளது. கூறின் மேற்பரப்பில் இயல்பாக 1000 புள்ளிகளைக் குறியின்றித் தெரிந்து, அவை அண்டைக் கூறினுள் விழுகின்றனவா என நிரல் பார்க்கும். சிறு மூலையில் ஏறியிருப்பது இச்சோதனைக்குத் தப்பக்கூடும். புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் திரும்பச் சோதிப்பது நன்று.

நிறையைக் கணக்கிடுவது மற்றொரு சோதனை. மேற்சொன்ன இரும்பு உணரியில் மூன்று தொகுதிகளின் பரப்பு 48 × 16 மீட்டர். அதைத் தகட்டின் தடிப்பாலும் 151 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 6494 கன மீட்டர். இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7.87 டன் ஆகையால் எடை ஏறத்தாழ 51,000 டன். துளைகளையும் இடைவெளிகளையும் கழித்தால், திட்டத்தில் கூறப்படும் 50,000 டன்னுடன் இது பொருந்துகின்றது. மாதிரியிலிருந்து நிரல் தரும் நிறை இதிலிருந்து விலகினால், எங்கோ ஒரு கூறு இருமுறை வைக்கப்பட்டுள்ளது அல்லது விடுபட்டுள்ளது என அறியலாம்.

இவை தவிர ஜியான்டினோ என்ற கற்பனைத் துகளும் இதற்கென உண்டு. அதற்கு மின்னூட்டமில்லை, எப்பொருளோடும் அது வினைபுரியாது. மாதிரியினூடே நேர்கோட்டில் சென்று, எந்தெந்த எல்லையை எவ்வெத்தொலைவில் கடந்தது என்பதை மட்டும் பதிவு செய்யும். மரினெல்லி கலத்தின் அச்சு வழியே கீழிருந்து மேலாக ஒரு ஜியான்டினோவைச் செலுத்தினால், அது முதலில் உணரியையும், பின்னர் சிறிது காற்றையும், இறுதியில் 3 செ.மீ. மணலையும் கடந்ததாகப் பட்டியல் வர வேண்டும். மணலின் பெயர் உணரிக்கு முன்னதாக வந்தால், குழியின் வாயில் அந்தத் தடிப்பில்லாத தோல் ஒட்டியிருக்கின்றது என்று பொருள்.